மூச்சு விடும் பிணம்

அந்தப் படத்தைப் பற்றி எங்கள் மதுரைச் செல்லூரில் எல்லோரும் கருத்துச் சொல்லி முடித்த பிறகு, கடைசியாகக் கருத்துச் சொன்னவள் நான்தான். ஆனால் என் கருத்துதான் ஊர் சுற்றியது. அதற்கு நான் பொறுப்பில்லை. மைக்கை நீட்டினார்கள், வாய் இருந்தது, பேசினேன்.

படத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் உங்களுக்கும் ஒரு கருத்து இருக்கும், அதையே பேசிக்கொண்டிருப்போம். தறிக்காரர்கள் வாழும் ஒரு பகுதி. அங்கே ஒரு தலைவன், அவனுக்காகக் கத்தி தூக்க வேலைவெட்டி இல்லாத இளவட்டங்கள், பார்த்தும் பார்க்காத போலீஸ், சத்தம் கேட்டால் கதவைச் சாத்தும் சனம். ஒரு கொலையைப் பார்த்துவிட்ட தறிக்காரர் ஒருவரை மறுநாள் முடித்துவிடுகிறார்கள். அவரை உயிரோடு காட்டுவதே இல்லை. பாடையில் தூக்கிப் போவதைத்தான் காட்டுகிறார்கள், ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவாக. அங்கிருந்து கதை கிளம்பி இரண்டரை மணி நேரம் ரத்தத்தில் நடக்கிறது.

அந்தப் பாடையில் படுத்திருப்பவர் என் வீட்டுக்காரர்.

அவர் நடிகர் இல்லை. முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில்தான் தறிக்கூடம். பத்துத் தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்துவதுகூடக் காதில் விழாது. அந்தச் சத்தத்தில் நூல் மூட்டையில் சாய்ந்து பச்சைப்பிள்ளை மாதிரித் தூங்குவார். கரண்டு போய்த் தறி நின்றால் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். சத்தம் இருந்தால் தூக்கம், சத்தம் நின்றால் விழிப்பு. வீட்டில் நான் வாயை மூடிவிட்டால் எழுந்துவிடுவார் என்று தறிக்கூடத்தில் என்னைக் கேலி செய்வார்கள். அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் அடுப்படியில் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பேன், அவர் குறட்டை விடுவார். திட்ட ஆள் கிடைக்காமல் நிறுத்தினால், "என்ன புள்ள, ஆரும் வந்திருக்காகளா?" என்று எழுந்து வருவார்.

நான் கோரிப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடிக்கிறவள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு எரியவில்லை, காணாமல் போன ரேஷன் கார்டு. ஊருக்கெல்லாம் "ஐயா, வணக்கம்" என்று பணிவாக அடித்துக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருக்கிற கோபத்தை வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

படம் எடுக்க வந்த அன்று காலை பதினோரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. எங்கள் சந்து முனையில் பூ விற்கிற அம்மா.

"ஏத்தா, நீ அங்கிட்டு ஒக்காந்து டைப் அடிச்சிக்கிட்டு இருக்க. இங்கிட்டு ஒன் வீட்டுக்காரருக்கு மாலை போட்டுப் பாடையில படுக்க வச்சிருக்காக. எங்கிட்டதேன் மாலை வாங்குனாக."

"என்னக்கா சொல்றீக?"

"பதறாத, பதறாத. சினிமாவுக்காம்."

பதறாமல் என்ன செய்வது? அடித்துக்கொண்டிருந்த மனுவைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். சந்து முனையிலேயே கயிறு கட்டி மறித்திருந்தார்கள். இறங்கி, கயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கொட்டுச் சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது, நான் நுழையும்போது நின்றிருந்தது. கூட்டமாக யாரோ சிரித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பாடை காலியாகக் கிடந்தது. அவர் தறிக்கூட வாசலில் ஒன்றும் தெரியாதவர்போல நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நெற்றியில் மட்டும் ஒட்டியிருந்த காசு அப்படியே இருந்தது.

நான் என்னவெல்லாம் கேட்டேன் என்று முழுசாக எழுத முடியாது. "உசுரோட இருக்கற மனுசனுக்கு மாலையாங்க? கூறுகெட்ட வேலை பாத்துட்டு வெத்தலையா போடுறீக?" என்பதுதான் அதில் மரியாதையான பகுதி.

"அட, அசையாமப் படுக்க ஒரு ஆளு வேணும்னாக. நம்ம மொதலாளிதேன், இவன் படுத்தா இடி விழுந்தாலும் அசைய மாட்டான்னு கைய காட்டி விட்டாரு. படுத்தேன். கொட்டுச் சத்தத்துல தூங்கிட்டேன் புள்ள. அம்புட்டுத்தேன்."

"தோசங்க அது!"

"அதுக்கும் வழி வச்சிருக்காக. பொணமா நடிச்ச ஆளு எந்திரிச்சு, கேமராவப் பாத்து மூணு தடவ சிரிச்சிறணுமாம். சிரிச்சாத் தோசம் கழிஞ்சிருமாம். எந்தப் படத்துலயும் அதேன் வழக்கமாம். நானும் சிரிச்சிட்டேன்."

"மூணு தடவயும்?"

"மூணு தடவயும்."

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வெற்றிலையைப் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டீகளா என்றால், சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று சொல்கிற ஆள். சண்டை வேண்டாம் என்பதற்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வார். "பொய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது நாள் பேசவில்லை. சோற்றுத் தட்டைத் தரையில் வைக்கிற சத்தத்தை வைத்து என் கோபம் எம்புட்டு இறங்கியிருக்கிறது என்று அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில், தறி ஓடிக்கொண்டிருக்கும்போது, நூல் மூட்டையில் சாய்ந்து தூங்கினார். கரண்டு போனது. பத்துத் தறியும் நின்றது. இதோ எழுவார், இதோ எழுவார் என்று எல்லோரும் சிரிக்கத் தயாராகப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர் எழவில்லை.

டாக்டர் இதயம் என்றார். எனக்கும் அது தெரியும், படித்தவள்தான். சினிமாவில் மாலை போட்டதால் ஒருவர் சாவார் என்று நான் மனுவில் அடிக்க மாட்டேன். ஆனால் மனசுக்குத் தாலுகா ஆபீஸ் ஏது? அவர் நிஜமாகவே சிரித்தாரா, இல்லை என் வாயை அடைக்கச் சொன்னாரா? அந்த ஒரு கேள்வி, கண்ணில் விழுந்த தூசிபோல உறுத்திக்கொண்டே இருந்தது. சிரித்திருந்தால், ஒன்பது நாளை நான் வீணாக்கியிருக்கிறேன். சிரிக்காமல் இருந்திருந்தால், அதைவிட மோசம்.

படம் வெளிவந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

பூக்கார அம்மா, மாலை திரையில் அழகாக விழுந்திருக்கிறது என்றார். எங்கள் சந்தில் குடியிருக்கிற ஓய்வுபெற்ற ஏட்டு, எஃப்.ஐ.ஆர். போடுகிற முறையே தப்பு என்று வாசலில் நின்று அரைமணி நேரம் விளக்கினார். கல்லூரிப் பிள்ளைகள் "சும்மா ராவா எடுத்திருக்காய்ங்க" என்றார்கள். ராவாக என்றால் வேகாதது என்று எனக்குத் தெரியும், அது எப்படிப் பாராட்டு என்று இன்றுவரை தெரியாது. தறிக்கூட முதலாளி கோபமாக வந்தார்.

"மதுரைன்னாலே அருவாதானா ஆத்தா? நாம என்ன விடிஞ்சு எந்திரிச்சா வெட்டிக்கிட்டா இருக்கோம்? அதுல பாருங்க, பாவு நூலே ஏத்தாத தறிய ஓட விட்ருக்காய்ங்க. சத்தம் மட்டும் ஓடுது, துணிய காணோம்."

அவருக்குப் படத்தில் நடந்த பதினேழு கொலையைவிட அந்த வெறும் தறிதான் அநியாயமாகப் பட்டது. போகும்போது குரல் தாழ்ந்தது. "ஆனா பாடையில நம்ம மாப்ளயப் பாத்ததும் என்னால ஒக்கார முடியலத்தா. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்."

நான் பார்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவரை நிஜப் பாடையில் ஒரு தடவை பார்த்தது போதாதா?

பரவையில் கட்டிக் கொடுத்திருக்கும் என் மகள்தான் போன் செய்தாள். இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். எடுத்ததும் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை.

"அம்மா, ஒருத்தன் போன்ல படத்துல உள்ள தப்பையெல்லாம் வரிசையாச் சொல்லி வீடியோ போட்ருக்கான்மா. அதுல ரெண்டாவது தப்பு அப்பாதேன். பொணம் மூச்சு விடுதுன்னு வட்டம் போட்டுக் காட்டிக் கிண்டல் பண்ணிருக்கான்."

"என்னடி சொல்ற?"

"அப்பா வயிறு ஏறி எறங்குதும்மா. நல்லாத் தெரியுது. நீ ஒருக்காப் போய்ப் பாரும்மா."

அன்றைக்குக் கடைக்கு லீவு சொன்னேன்.

மத்தியானக் காட்சி. வெயிலில் இருந்து உள்ளே நுழைந்ததும் ஏசிக் குளிரும் இருட்டும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைத்தன. முப்பது பேர் இருந்திருப்போம். திரையில் எங்கள் சந்து வந்தது. அம்புட்டுப் பெரிதாக அதை நான் பார்த்ததே இல்லை. என் வீட்டு மாடிக் கொடியில் என் பச்சைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சேலை போன வருடமே கிழிந்து கரித்துணியாகிவிட்டது. திரையில் அது புதிதாக, ஈரமாக, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் கத்தியோடு அதன் கீழே ஓடினான். நான் சேலையைத்தான் பார்த்தேன்.

அந்தப் படத்தில் வழிகள் எல்லாம் கனவில் வருகிற வழிகள். எங்கள் சந்துக்குள் நுழைகிறவன் பரவை மார்க்கெட்டில் வெளியே வருகிறான். அங்கே காய்கறி மூட்டைக்குப் பின்னால் ஒளிகிறவன் வைகை மணலில் எழுகிறான். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அவர் போன பிறகு நான் காண்கிற கனவுகளிலும் அப்படித்தான். அடுப்படியில் இருந்து ஒரு எட்டு வைத்தால் தறிக்கூடம், அங்கிருந்து திரும்பினால் நாங்கள் கல்யாணமான புதிதில் இருந்த ஒற்றை அறை. எங்கேயும் அவர் இப்போதுதான் எழுந்து போன மாதிரி நூல் மூட்டையில் பள்ளம் இருக்கும்.

கொட்டுச் சத்தம் ஆரம்பித்தது. பாடை வந்தது. நெற்றியில் காசு, தாடையைக் காதோடு சேர்த்துக் கட்டிய துணி, செவ்வந்தி மாலை. முகம் தூங்குகிற முகம். எனக்குத் தெரியாதா, முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவள். மாலைக்குக் கீழே வயிறு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

நானும் அவரோடு மூச்சு விட்டேன். நாலு மூச்சு. ஐந்தாவது மூச்சை அவர் இழுக்கும்போது காட்சி மாறி, அந்தத் தலைவன் இட்லி தின்றுகொண்டிருந்தான். பிடித்த மூச்சை நான் என்ன செய்வது?

பின் வரிசையில் ஒரு பெண், "ஏய், பொணம் மூச்சு விடுதுடி" என்று தோழியிடம் சொல்லிச் சிரித்தாள். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. திரும்பி, "ஆமாத்தா, விடுது" என்றேன்.

அதற்குப் பிறகு படம் எங்கெங்கோ போனது. கண்ணை மூடிக்கொண்டேன். வெட்டுகிற சத்தமும் அலறுகிற சத்தமும் தூரத்துத் தறிபோலக் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் எனக்கும் தூக்கம் வந்தது, அவர் இத்தனை வருடம் எப்படித் தூங்கினார் என்பது அன்றுதான் புரிந்தது. அரைத்தூக்கத்தில் பாடை மறுபடி வந்தது. எழுந்திரிங்க, எழுந்து சிரிச்சிட்டுப் படுத்துக்கோங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். படம் முடிந்து அமைதியானதும் திடுக்கிட்டு விழித்தேன்.

வெளியே வெயிலில் கண் கூசியது. படிக்கட்டில் ஒரு பெண் மைக்கோடு நின்றாள், பக்கத்தில் கேமராவோடு ஒருத்தர்.

"அக்கா, படம் எப்படி இருக்கு?"

பேசாமல் போயிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"படம் நல்லாத்தேன் எடுத்திருக்காக. ஊருல பாதி இப்படித்தேன் கெட்டுக் கெடக்கு, மறுக்க முடியாது. ஆனா ஒன்னு கேக்குறேன். குத்துறதக் காட்டுறீக, ரத்தத்தக் காட்டுறீக, பாடை கட்டி மாலை போட்டு அம்புட்டையும் காட்டுறீக. பொணமா நடிச்ச ஆளு எந்திரிச்சு மூணு தடவ சிரிக்கணும்னு ஒங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்காமே? அதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கீக? படுக்க வச்சது நீங்கதான? எழுப்பிக் காட்ட வேண்டியதும் நீங்கதேன்."

"அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களாக்கா?"

"தெரிஞ்சவுகளா? முப்பது வருசமா நான் சண்டை போட்ட ஆளு அது. அவுக சிரிச்சாகளா இல்லையான்னு எனக்குத் தெரியணும். சிரிச்சேன்னு சொன்னாக. நான் நம்பல. அம்புட்டுத்தேன். கேமராவ அங்கிட்டுத் திருப்புத்தா, கூசுது."

கூசியது கேமராவால் இல்லை. கண் நிறைந்துவிட்டது.

அது ஊர் சுற்றியது. மகள் கருத்துகளைப் படித்துக் காட்டினாள். செத்தவரைவிட இந்தம்மா நல்லா நடிக்குது என்று ஒருவர். படத்துக்கு விளம்பரத்துக்காகச் செட்டப் செய்தது என்று ஒருவர். நானும் என் கணவரை நம்பாமல் விட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதியவர் ஒருவர். கீழே ஒரு பிரகஸ்பதி, 'இந்த அக்கா கோரிப்பாளையம் ஜெராக்ஸ் கடை, என் மனுவைத் திட்டிக்கிட்டே அடிச்சுக் கொடுத்தாங்க' என்று எழுதியிருந்தார்.

அதை வைத்துத்தான் என்னைத் தேடி ஒருவர் வந்தார். பத்து நாள் கழித்து, கடையில் கூட்டம் குறைவான ஒரு முற்பகல். தாடி வைத்த ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பென்டிரைவ். பிரிண்ட் எடுக்க வந்தவர் என்று நினைத்து, "பேஜ் எத்தனை?" என்றேன்.

"பிரிண்ட் இல்லக்கா. நான் அந்தப் படத்துல உதவி இயக்குநர். அன்னைக்கு அண்ணனைப் பாடையில படுக்க வச்சது நான்தான்."

திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"வேண்டாத காட்சியெல்லாம் அழிச்சிருவோம்கா. இந்தச் சிரிப்பை மட்டும் யாரும் அழிக்க மாட்டாங்க. பயம். பழைய டிஸ்க்ல தேடி எடுத்துட்டு வந்தேன். ஆனா..." என்று நிறுத்தினார். "நீங்களே பாருங்க."

மனு அடிக்கிற அதே கம்ப்யூட்டரில் போட்டார்.

எங்கள் சந்து. கொட்டுச் சத்தம். பாடையில் அவர். வயிறு ஏறி இறங்குகிறது. யாரோ "கட்" என்கிறார். கொட்டு நிற்கிறது.

அமைதியானதும் அவர் திடுக்கிட்டு விழித்தார். சடாரென்று எழுந்து உட்கார்ந்து, மாலையோடு சுற்றுமுற்றும் பார்த்து, "என்னய்யா, கரண்டு போயிருச்சா?" என்றார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தாடையில் கட்டியிருந்த துணியை யாரோ அவிழ்த்தார்கள்.

"கேமராவப் பாத்து மூணு தடவை சிரிங்கண்ணே. தோஷம் கழியும்."

"தோசம் கெடக்கட்டும் தம்பி. இது என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சுச்சு, இதே பாடையில என்னைய மறுபடி படுக்க வச்சிருவா."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வெற்றிலைக் கறைப் பல் தெரிய, வயிறு குலுங்க.

"ஒண்ணு" என்றது ஒரு குரல். "இன்னும் ரெண்டுண்ணே."

அவர் மறுபடி சிரித்தார்.

"ரெண்டு. இன்னொண்ணு."

மூன்றாவதற்கு வாயைத் திறந்தார். கண் கேமராவைத் தாண்டி, சந்து முனைக்குப் போனது. அப்படியே நின்றது. அங்கே கயிற்றைத் தூக்கிக்கொண்டு யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கேமராவில் நான் விழவில்லை. அவர் முகத்தில்தான் வந்துகொண்டிருந்தேன். இருபது வயதில் பெண் பார்க்க வந்தபோது பார்த்த அதே முகம், பாதி பயம், பாதி என்னவென்று சொல்ல.

"ஆத்தி! வந்துட்டாய்யா!" என்று மாலையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாடையில் இருந்து குதித்து ஓடினார். காலிப் பாடை. படம் நின்றது.

உதவி இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டுதான்கா ஆச்சு. மூணாவது எடுக்கலை. அதான் இதைக் கொண்டு வரவா வேண்டாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். மன்னிச்சிருங்க."

நான் அன்றைக்கே சொன்னேன், பொய் என்று. மூன்று தடவை இல்லை. இரண்டு தடவை. மூன்றாவதைக் கெடுத்தவள் நான்.

அழுகை வரும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த ஓட்டம் இருக்கிறதே, நெற்றியில் காசோடு, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, செத்த ஆள் பெண்டாட்டிக்குப் பயந்து ஓடிய ஓட்டம். சிரிப்பு வயிற்றில் இருந்து கிளம்பியது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். ஆதார் கார்டை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு அம்மா பயந்து ஒரு எட்டுப் பின்னால் போனார்.

"அக்கா... அக்கா, என்னாச்சு?"

"மூணு" என்றேன்.